டிடி 214-இல் பெயர் மாற்றம்: திருத்த வாரியத்தில் 215-ஐ வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வந்தவருக்கு டிடி 214 என்ற பணிவிடுப்புச் சான்றுதான் ஜாதகம். முன்னாள் படைவீரர் துறையின் வீட்டுக் கடன், மத்திய அரசு வேலையில் முன்னுரிமைப் புள்ளி, மாநிலத்தில் சொத்துவரிச் சலுகை, கடைசியில் தேசிய இடுகாட்டில் ஓர் இடம் என்று எதற்குப் போனாலும் அந்தத் தாளை நீட்ட வேண்டும். அதன் முதல் கட்டமே பெயர். ஆண் பெயரில் பணியாற்றிய ஒரு திருநங்கை அதை நீட்டும்போது, எதிரே இருப்பவர் கண் தாளுக்கும் முகத்துக்குமாக இரண்டு முறை போய்வரும். வேலை கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெயரை மாற்றித் தரும் இடம் படைப்பதிவுத் திருத்த வாரியம். தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரீன் படைக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று (விண்வெளிப்படையும் இதற்குள்தான்), கடலோரக் காவல்படைக்குத் தனியாக ஒன்று. கட்டணம் ஒரு சென்ட் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் மெதுவாக நகரும் சேவை. சரியான வார்த்தையில் கேட்காவிட்டால் பாதி வேலையைச் செய்து அனுப்பிவிடும். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தரலாம். அந்த ஒன்றரையை எங்கே குறைத்தோம் என்பதுதான் இனி.

முதலில் 215. 214-இல் எந்தப் பிழை இருந்தாலும் படையின் வழக்கமான மருந்து டிடி 215 என்ற திருத்தத் தாள். பழைய 214 அப்படியே இருக்கும். கூடவே இன்னொரு தாளில் 'முதல் கட்டத்தில் இன்னது நீக்கி இன்னது சேர்க்க' என்று அச்சாகும். விட்டுப்போன பதக்கத்துக்கு இது போதும். பெயருக்கு இதைவிட மோசமான ஒன்று இல்லை. பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரே தாளில் அருகருகே வைத்து, ஊருக்கு அறிவிக்கும் நோட்டீஸ் போல ஆகிவிடும். அதனால் விண்ணப்பத்தில் 'பெயரைத் திருத்தவும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். 'இன்ன பெயரில் புதிய டிடி 214 வழங்க வேண்டும், டிடி 215 வேண்டாம், 18-ஆம் கட்டக் குறிப்பில் பழைய பெயரோ மாற்றிய காரணமோ இடம்பெறக் கூடாது' என்று மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். வாரியம் கேட்டதைத்தான் பரிசீலிக்கும். கேட்காததை ஊகித்துக் கொடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இந்தக் கதவு முன்பு மூடியே இருந்தது. '214 என்பது படையிலிருந்து விடுப்பான நாளன்று இருந்த நிலையின் படம், பின்னால் மாறிய பெயருக்காக அதை மாற்ற மாட்டோம்' என்பதே தரைப்படை வாரியத்தின் பதிலாக இருந்தது. 2014-இல் இரண்டு திருநர் முன்னாள் வீரர்களின் மனுக்களில், புதுப் பெயரில் 214 தரும்படி அதே வாரியம் முடிவெடுத்தது. விடுப்பு நாளன்று அந்தப் பெயர் சரியானதுதான், அதில் பிழையில்லை. ஆனால் இன்று அந்தத் தாளை நீட்டும் ஒவ்வொரு முறையும் தன் வாழ்க்கையை அந்நியரிடம் விளக்க வேண்டியிருப்பது அநீதி. வாதத்தின் முதுகெலும்பு இதுதான். வாரியத்துக்கு அதிகாரம் தரும் சட்டப்பிரிவு (தலைப்பு 10, பிரிவு 1552) 'பிழை அல்லது அநீதி' என்று இரண்டையும் சொல்கிறது. பிழையை நிரூபிக்கப் போய் மாட்டிக்கொள்ளாமல் அநீதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரிய முடிவுகள் மனுதாரர் பெயர் மறைக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் படைப்பிரிவிலேயே இதுபோல் அனுமதித்த ஒரு முடிவைத் தேடி, அதன் வழக்கு எண்ணை மனுவில் குறிப்பிட்டால் எடை கூடும்.

விண்ணப்பப் படிவம் டிடி 149. பார்க்க எளிதுதான், ஆனால் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இப்போதைய சட்டப்பூர்வப் பெயரில் கையெழுத்திடுங்கள். பணியாற்றிய பெயரையும் தவறாமல் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பைத் தேடுபவருக்கு ஆள் அகப்படமாட்டார். 'ஏன்' என்ற பகுதியில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். எந்த வேலை விண்ணப்பம், எந்த வங்கி, எந்த மாவட்ட அலுவலகம் 214 கேட்டது, அங்கே பெயர் வேறுபாட்டால் என்ன நேர்ந்தது என்று நான்கைந்து நிகழ்வுகளைத் தேதியோடு எழுதினால் போதும். இணைக்க வேண்டியவை: இருக்கும் எல்லா 214-களின் நகல், பெயர் மாற்ற நீதிமன்ற ஆணை, புதுப் பெயரில் ஓட்டுநர் உரிமம் அல்லது கடவுச்சீட்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை. மருத்துவரின் சான்றும் சிகிச்சைக் குறிப்பும் அனுப்பாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு அவை தேவையில்லை. ஒரு முறை உள்ளே போன தாள் கோப்பைவிட்டு வெளியே வராது.

சமூகப் பாதுகாப்பு அட்டையை முதலில் மாற்றிவிட்டு (படிவம் எஸ்எஸ்-5) வாரியத்துக்குப் போவது நல்லது. படைப்பதிவுகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பது அந்த எண்தான்.

இரண்டு முறை பெயர் மாறியவர்கள் சங்கிலியை அறுத்துவிடக் கூடாது. திருமணத்தில் கடைசிப் பெயர் மாறி, பிறகு நீதிமன்றத்தில் முதல் பெயர் மாறியிருந்தால் இரண்டு ஆவணங்களும் போக வேண்டும். இன்னொரு சின்னக் கண்ணி 'ஜூனியர்'. அப்பாவின் பெயரே வைக்கப்பட்டவர்களுக்கு முதல் கட்டத்தின் கடைசியில் அந்த ஒட்டு இருக்கும். நீதிமன்ற ஆணையில் அதை நீக்கும்படி தனியாகக் கேட்காவிட்டால், புதிய 214-இல் பெண் பெயரோடு 'ஜூனியர்' ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஆணையைத் திருத்த மறுபடியும் மாநில நீதிமன்றம், அதற்குப் பிறகு மறுபடியும் வாரியம்.

ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 214 இருப்பது சகஜம். முழுநேரப் பணியில் இருந்த ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று. அத்தனையையும் தேதியோடு பட்டியலிடுங்கள். 18-ஆம் கட்டம் நிரம்பி வழிந்தவர்களுக்கு 214சி என்ற தொடர்ச்சித் தாள் உண்டு, அதன் தலையிலும் பெயர் இருக்கும். சுவரில் மாட்டும் கௌரவ விடுப்புச் சான்றிதழ் டிடி 256 இன்னொன்று, அதையும் கேட்டால்தான் தருவார்கள். தேசியக் காவல்படையில் இருந்தவருக்கு என்ஜிபி 22 என்ற வேறு படிவம். அதை வழங்குவது மாநிலத் தலைமையகம் என்பதால் முதலில் அங்கே எழுதிக் கேட்டு, மறுப்பு வந்த பிறகே வாரியத்துக்குப் போக வேண்டும். கீழ்மட்ட வழிகளை முடிக்காமல் வந்தால், பார்க்காமலேயே திருப்பி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து 'நடவடிக்கை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்குவதைப் போல எரிச்சல் வேறில்லை.

பிழையோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது விதி. 'நீதியின் நலன் கருதி' வாரியம் அந்தக் காலவரம்பைத் தளர்த்தலாம். அதற்கென்று படிவத்தில் இடம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். 1980-களில் விடுப்பானவர் 2022-இல் பெயர் மாற்றியிருந்தால், கணக்கு 2022-இலிருந்து தொடங்குகிறது என்று வாதிடலாம். அதையே இரண்டு வரியில் எழுதுங்கள்.

28-ஆம் கட்டமான விடுப்புக் காரணத்தில் 'ஓரினச் சேர்க்கை நடத்தை' என்றோ ஆளுமைக் கோளாறு என்றோ எழுதப்பட்டவர்கள் பழைய தலைமுறையில் நிறைய. அதையும் மாற்றக் கேட்கலாம். ஆனால் பெயரோடு சேர்த்து ஒரே மனுவில் கேட்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விடுப்பின் தன்மையைத் தொட்டாலே மருத்துவக் கருத்து, பழைய கோப்பு என்று இழுக்கும். எளிய பெயர் மாற்றமும் அந்த வண்டியிலேயே மாட்டிக்கொள்ளும்.

காலம் என்று பார்த்தால், 90 சதவீத மனுக்களை 10 மாதத்திலும் எல்லாவற்றையும் 18 மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 18-ஐ மனதில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வீடு வாங்கும் வாரத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. அவசரத்துக்குப் பழைய 214-ஐயும் நீதிமன்ற ஆணையையும் சேர்த்துக் கொடுக்கலாம், சட்டப்படி அது செல்லும். செல்லும் என்பதால்தான் 'இதுவே போதுமே' என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். போதாது என்பதற்குத்தானே மனு.

2025 ஜனவரி 27 தேதியிட்ட அதிபர் ஆணையைக் கண்டு பலர் மனு போடாமலே இருக்கிறார்கள். அந்த ஆணை திருநர்கள் படையில் சேர்வதையும் தொடர்வதையும் தடுப்பது பற்றியது. வழக்கு முடியும்வரை அதை நடைமுறைப்படுத்தலாம் என்று மே 6-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பிரிவு 1552 நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அது அப்படியே இருக்கிறது. இப்போது புழங்கும் 214-இல் பாலினம் என்ற கட்டமும் இல்லை. ஆகவே மனுவைப் பெயர் என்ற கோட்டிலேயே நிறுத்துங்கள். மாநில நீதிமன்றம் மாற்றிய பெயரை மத்திய ஆவணத்தில் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். பாலினம் பற்றிய பத்தி ஒன்றைக் கூடுதலாக எழுதினால் வேண்டாத விவாதத்துக்கு நீங்களே நாற்காலி போட்டுக் கொடுக்கிறீர்கள்.

பழைய கோப்புகள் இருப்பது செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்தில். எஸ்எஃப் 180 படிவத்திலோ இணையவழியிலோ நகல் கேட்கலாம், அதுவும் இலவசம். பெருந்தொற்றில் அங்கே தேங்கிய கோரிக்கைகள் 2022-இல் 6 லட்சம் அளவுக்குப் போனது, இப்போது பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 1973 ஜூலை 12 தீவிபத்தில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கோப்புகள் எரிந்துபோயின. 1960-க்கு முன் விடுப்பான தரைப்படையினரில் 80 சதவீதத்தினரின் கோப்பு அதில் போயிற்று. அந்த வயதினர் தங்கள் கையில் இருக்கும் நகலையே சான்றாக அனுப்ப வேண்டியிருக்கும்.

புதிய தாள் வந்ததும் உறையைப் பிரித்து உடனே பார்க்க வேண்டிய இடம் கையெழுத்துக் கட்டம். புதிதாக வழங்கும்போது அங்கே 'வீரர் கையெழுத்திட நேரில் இல்லை' என்ற பொருளில் அச்சாகியிருக்க வேண்டும். பழைய கையெழுத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தால் மேலே என்ன பெயர் இருந்தும் பயனில்லை. பதக்கங்கள், பணிக்கால நாள் கணக்கு, 18-ஆம் கட்டம் மூன்றையும் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மறுதட்டச்சில் ஒரு பதக்கம் காணாமல் போவது புதிதல்ல. பழைய 214 அழிக்கப்படாது, கோப்பில் இருக்கும். மதிப்பீட்டு அறிக்கைகளும் பணி ஆணைகளும் பழைய பெயரிலேயே தொடரும். அந்த அளவுக்கு எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

வாரியம் உங்களுக்காக வேறு எங்கும் சொல்லாது. முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைக்கு அங்குள்ள தனியுரிமை அலுவலரிடமும், இழப்பீட்டுப் பிரிவுக்கு 21-4138 படிவத்திலும், ஓய்வூதியம் வாங்கினால் பாதுகாப்பு நிதிக் கணக்கு அலுவலகத்திலும் தனித்தனியே எழுத வேண்டும்.

தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டிய மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த, 2009-இல் தொடங்கி 2016-இல் நின்ற 'மாவ்னி' திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் உண்டு. அதன்வழி சேர்ந்து குடியுரிமை பெற்றவர்கள் குடியுரிமைச் சான்றையும் என்-565 படிவத்தில் மாற்றியாக வேண்டும். அப்பா பெயர் கடைசிப் பெயராகவும் சொந்தப் பெயர் முதல் பெயராகவும் 214-இல் ஏறியிருக்கும். நீதிமன்றத்தில் எது எந்த இடம் என்று எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் கேளுங்கள்.

கடைசியாகப் பலர் மறக்கும் இடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். விடுப்பான புதிதில் 214 தொலையாமல் இருக்கட்டும் என்று அங்கே பதிந்து வைக்கும் வழக்கம் உண்டு. பதிந்திருந்தால் பழைய பெயர் பொது ஆவணமாக அங்கே இருக்கும். பல மாநிலங்களில் அதைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கக் கேட்கலாம். வீட்டிலும் அப்படித்தான். இறுதிச்சடங்குக்காரர் கேட்கும்போது குடும்பத்தார் அலமாரியில் கைக்கு வரும் முதல் 214-ஐ எடுத்துக் கொடுப்பார்கள், கல்லறைக் கல்லுக்கான விண்ணப்பத்தில் ஏறுவதும் அந்தப் பெயர்தான். புதியதை மேலே வையுங்கள். பழையதை நீதிமன்ற ஆணையோடு வேறொரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.