ஸ்டார்லட் ஜீடீக்கு டர்போவ மாத்துறதா, சைலன்சர் லைன மாத்துறதா?

மட்டக்களப்பு கல்லடியில எங்கயாவது என்ட டொயோட்டா ஸ்டார்லட் ஜீடீய (ஈபி82 மொடல்) நிப்பாட்டினா ஒரு பெடியனாவது கிட்ட வந்து பொனட் ஸ்கூப்புக்குள்ள எட்டிப் பாத்துட்டு "அண்ணே, டீடீ04 போட்டாச்சா" எண்டு கேப்பான். டீடீ04 எண்டா வேற கார்ல இருந்து எடுக்கிற பெரிய டர்போ. இல்ல தம்பி, கம்பனியால வந்த பழைய சீடீ9 தான் எண்டா மூஞ்சி சுருங்கிடும். அதான் இத எழுதுறன். டர்போவுல மூணு விதம், சைலன்சர் லைன்ல (புகை போற குழாயில) மூணு விதம், சிலது என்ட கார்ல சிலது கூட்டாளிமார்ர கார்ல, எல்லாம் கழட்டி மாட்டி கை சுட்டு வந்த கதைதான்.

கார் என்ன எண்டு முதல்ல. 1331 சிசி எஞ்சின், கம்பனியால வரக்குள்ள 135 குதிரை, பாரம் ஒரு டன்னுக்கும் குறைவு, முன் சில்லு இழுவை, டர்போவுல சுடுற காத்தக் குளிர வைக்கிற இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலயே குந்திக்கிட்டு இரிக்கு. அந்தக் கடைசி விசயத்த மனசுல வெச்சுக்கோங்க, மறுகா வாறன்.

டர்போ எண்டா புகை வெளிய போற வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அமுக்குற சுழலி. சீடீ9 சின்னக் குட்டி டர்போ. அதுட நல்லது என்னண்டா கால வெச்ச உடனே எழும்பிடும், 2500, 3000 ஆர்பிஎம்முக்குள்ள வேலையத் தொடங்கிடும். கெட்டது என்னண்டா மேல போனா மூச்சு வாங்கும், பூஸ்ட்ட, அதாவது அமுக்குற காத்துட அழுத்தத்த, கூட்டக் கூட்ட காத்த அமுக்குறத விட்டுட்டு காத்தச் சுட வைக்கிற அடுப்பா மாறிடும். ஹைப்ரிட் சீடீ9 எண்டு சொல்றது அதே கூட்டுக்குள்ள கடைஞ்செடுத்து கொஞ்சம் பெரிய கம்ப்ரசர் வீல் போடுறது. வெளிய பாத்தா ஒண்டும் தெரியாது, ஒயில் லைன், தண்ணி லைன், மேனிஃபோல்ட் எல்லாம் பழசே பொருந்தும். ஆனா இந்தச் சுழலி நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், பேலன்ஸ் பண்ணாம லேத்துல கடைஞ்சு மாட்டினா கொஞ்ச நாள்ல விசில் சத்தம் வரும், பிறகு நீலப் புகை வரும், பிறகு ஒண்டும் வராது. கூட்டாளி ஒருத்தன் அப்பிடி ஒண்டக் கொழும்புல செய்விச்சு, இஞ்ச வந்து சேர முன்னமே விசில் கேட்டுட்டுது.

டீடீ04 தான் எல்லாருக்கும் கனவு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்ல வந்த சாமான், வொல்வோவுலயும் வந்தது, கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல தேடினா கிடைக்கும். டர்போ காசு பெரிசில்ல, அதுக்குப் பின்னால வார காசுதான் ஆள விழுத்தும். அடப்டர் ஃபிளேஞ்ச் அல்லாட்டி புது மேனிஃபோல்ட், ஒயில் தண்ணி லைன் புதுசா, பெரிய இன்ஜெக்டர், பம்ப், ஈசியுவுக்கு (எஞ்சின்ட கம்ப்யூட்டருக்கு) ஒரு வழி, பிறகு கிளச், பிறகு கியர்பொக்ஸ் எந்த நாள் போகும் எண்ட பயம். பழைய டர்போ வாங்கிறதெண்டா காத்தான்குடி நானா ஒருத்தர் எனக்குக் காட்டித் தந்த மாதிரிப் பாருங்க. வீல்ட மூக்க ரெண்டு விரலால பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினார், கொஞ்சம் ஆடினது. "இது பறவால்ல தம்பி, ஒயில் வந்தா நிக்கும்" எண்டார். மறுகா முன்னுக்குப் பின்னா இழுத்துத் தள்ளினார், டிக் எண்டு ஒரு சின்னச் சத்தம். "இந்த ஆட்டம் கூடாது, இத வெச்சிட்டு வாங்க, போவம்."

சரி, ஓட்டத்துக்கு எது? மணிக்கூட்டுக் கோபுரத்தடியில இருந்து காத்தான்குடி தாண்டுறதுக்குள்ள ஓட்டோ, மாடு, சைக்கிள், பள்ளி விட்ட பிள்ளைகள் எண்டு ரெண்டாம் மூணாம் கியர்லயே காலம் போயிடும், ஊருக்குள்ள 50, வெளிய 70 தான் சட்டமும். அந்த ஓட்டத்துக்கு டீடீ04 வேலையத் தொடங்க முன்னமே பிரேக் பிடிக்க வேண்டி வரும். சீடீ9க்கு அந்தப் பிரச்சினை இல்ல. ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டு போற ஆளெண்டா கதை வேற, அவருக்கு டீடீ04தான் சரி, நான் மறுக்கல்ல.

இப்ப சைலன்சர். இதுலதான் நம்மட ஆக்கள் கூடக் காசு வீணாக்குறது, நானும் வீணாக்கினன். டர்போ காருக்கு பேக் பிரஷர், அதாவது புகை போற வழியில ஒரு தடை, வேணும் எண்டு சொல்ற மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இரிக்காங்க, அது சரியில்ல, டர்பைன் தாண்டின பிறகு எவ்வளவு லேசா புகை வெளிய போகுதோ அவ்வளவு கெதியா டர்போ எழும்பும். 2 இன்ச் குழாய 2.5 ஆக்கினா உள்பரப்பு 56 வீதம் கூடுது. அதுக்கு மேல 3 போட்டா இன்னும் 44 வீதம் கூடும்தான், ஆனா இந்த 1.3க்கு அது யானைக்குப் போடுற சங்கிலிய ஆட்டுக்குப் போட்ட மாதிரி, ஒவ்வொரு ஸ்பீட் பம்ப்புலயும் அடியில தட்டும், 3000 ஆர்பிஎம்முல காதுக்குள்ள தேனீக்கூடு. 2.5 தாராளம். குழாய விட டர்போவுக்குப் பின்னால இரிக்கிற அந்த எல்போவும் (வளைவும்) அதுல இருந்து கீழ இறங்கிற டவுன்பைப்பும்தான் முக்கியம், பின்னுக்குப் பெரிய டிப் மாட்டுறது பாக்கிறதுக்குத்தான்.

என்ன இரும்புல செய்யிறது எண்டதுதான் எங்கட ஊர்ல உண்மையான கேள்வி. முதல்ல நான் கேட் அடிக்கிற வெல்டிங் கடை ஒண்டுல சாதா இரும்புல 2.5 அடிச்சன், மலிவு. வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக்காத்து, கார் ஓடுறதும் கிட்டக்கிட்ட ஓட்டம், குழாய்க்குள்ள வேர்த்த தண்ணி காயிறதே இல்ல. ஒரு மாரி தாண்ட பின் பொக்ஸுக்கு முன்னால விரல் போற ஓட்டை. அடுத்தது "ஸ்டெயின்லெஸ்" எண்டு சொல்லி அடிச்சுத் தந்தாங்க, காந்தம் வெச்சுப் பாத்தன் ஒட்டல்ல, சந்தோசமா வந்தன். காந்தம் ஒட்டாததெல்லாம் 304 எண்ட நல்ல ஸ்டெயின்லெஸ் இல்ல எண்டு பிறகுதான் தெரியும். ஹேண்ட்ரெயில் குழாய் கனக்க 201 எண்ட மலிவு ரகம், நிக்கல் குறைச்சு மாங்கனீசு கூட்டினது, அதுலயும் காந்தம் ஒட்டாது, ஆனா உப்புக்கு நிண்டு பிடிக்காது, வெல்டிங் போட்ட இடமெல்லாம் தேத்தண்ணி நிறத்துல வடிஞ்சுது. மூணாவதா 304, ஆர்கன் வெல்டிங், ஃபிளேஞ்ச் 10 மில்லி, நடுவுல வளைஞ்சு குடுக்கிற ஃப்ளெக்ஸ் துண்டு. ஃப்ளெக்ஸ் இல்லாம 304 அடிக்காதீங்க, சூட்டுக்கு அது சாதா இரும்ப விடக் கூட நீளும், எங்கயாவது வெடிச்சே தீரும்.

புகையச் சுத்தமாக்குற கெட் கன்வேட்டரக் கழட்டுறதா விடுறதா எண்டு கேட்டா, வருசா வருசம் லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை இரிக்கு, அந்த நாள் மட்டும் பழசத் திருப்பி மாட்டுற கூத்து எனக்குச் சரிவராது. கழட்டாம விட்டுட்டன். பொலிஸுக்கும் சத்தம் ஒரு சாட்டு.

ஆனா லைனத் திறந்து விட்டா சும்மா இருக்காது. பொலன்னறுவைப் பக்கம் போற வழியில புணானை தாண்டி நேர் ரோட்டுல மூணாம் கியர்ல மிதிச்சன், பின்னால இருந்து ஆரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி கார் வெட்டிச்சு, ஒருக்கா, ரெண்டு தரம். நான் பெற்றோல் பம்ப் போயிட்டு எண்டு நினைச்சுட்டன். கடைசியில பாத்தா ஃபியூவல் கட். புகை லேசாப் போக, கூடுற புகைய டர்போவுக்குள்ள விடாம வெளியால திருப்புற சீடீ9ட சின்ன வேஸ்ட்கேட்டால பூஸ்ட்டக் கட்டுப்படுத்த ஏலாம அது தானா ஏறியிருக்கு, ஈசியு எஞ்சினக் காப்பாத்த பெற்றோல நிப்பாட்டியிருக்கு. வேஸ்ட்கேட் ஓட்டையக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்ச பிறகுதான் அடங்கிச்சு. பூஸ்ட் கேஜ் இல்லாம சைலன்சர் மாத்துற ஆக்கள் இதக் கவனிங்க. ஃபியூவல் கட்ட ஏமாத்துற பெட்டி விக்கிறாங்க, அதப் போட்டுட்டு 92 ஒக்டேன் அடிச்சு ஓடினா பிஸ்டன் போற நாள் கிட்ட. 95 தான் அடிக்கணும், அது இஞ்ச எல்லாப் பெற்றோல் செட்டுலயும் எந்த நேரமும் கிடைக்கிறதில்ல, அதையும் கணக்குல எடுங்க. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீட்டர் வாங்கினமே, அந்த நேரம் காருக்குத் துணி போட்டு மூடி வெச்சிருந்தன்.

இன்டர்கூலருக்கு வாறன் எண்டு சொன்னன். கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல மத்தியானம் டவுனுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு பொனட்டத் திறந்து மேல இரிக்கிற இன்டர்கூலர்ல கைய வெச்சுப் பாருங்க, வெக்க ஏலாது. அதத் தாண்டிப் போற காத்து எப்பிடிக் குளிரும்? முன்னுக்கு பம்பருக்குப் பின்னால ஒரு நடுத்தர சைஸ் இன்டர்கூலர் போட்ட பிறகு அதே டர்போ, அதே பூஸ்ட், மத்தியானமும் விடிய நாலு மணி மாதிரி ஓடுது. ஏசி கொஞ்சம் மந்தம், ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி சுத்துது, அவ்வளவுதான்.

ஆகவே என்ட காசு போன வரிசை 304 லைன், இன்டர்கூலர், கேஜ், டர்போ இன்னும் இல்ல. நானா காட்டின ரெண்டாவது டீடீ04, டிக் சத்தம் கேக்காதது, ஷொப்பிங் பேக்ல சுத்தி கட்டிலுக்குக் கீழ கிடக்கு. மனுசி கூட்டக்குள்ள காலால தள்ளி தள்ளி இப்ப அது சுவரோட ஒட்டிட்டுது. இன்ஜெக்டர் நாலும் வாங்குற மட்டும் அங்கயே கிடக்கட்டும்.