வேர் இல்லாத பெரணிக்கு 3,240 ரூபாய்

இன்று காலை தொட்டியில் இருந்த பெரணிக் குச்சியை, அதாவது ஃபெர்ன் செடியின் குச்சியை, லேசாக இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வேரும் இல்லை, கிழங்கும் இல்லை. யாரோ நறுக்கிய காம்புகளைத் தென்னை நார்த்தூளில் செருகி, மேலே பாசி வைத்து மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதையும் சேர்த்து மூன்று செடிக்கு நான் கொடுத்தது 3,240 ரூபாய்.

கடையின் பெயர் வேண்டாம். வீடியோ போட்டுச் செடி விற்கும் பக்கங்களில் ஒன்று, மலையில் வளர்த்தது என்று சொல்லி விற்பவர்கள். எங்கள் ஊர்க் கிணற்றின் உள்சுவரில் கறுப்புக் காம்போடு, மெல்லிய பச்சை இலையோடு ஒரு பெரணி தொங்கும். யாரும் நட்டதில்லை. மெய்டன்ஹேர் என்று அதையே 750 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். சென்னை ஃப்ளாட்டில் கிணற்றுக்கு எங்கே போவது? கூடவே ஒரு பாஸ்டன் ஃபெர்ன் 690, "அரிய இமயமலைப் பெரணி" 1,800.

பணம் அனுப்பும் முன் போனில் பேசினேன். கடைப் பையன், "அக்கா, உங்க பால்கனி எந்தத் திசை? போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?" என்று கேட்டான். விழுந்தது அங்கேதான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பெரணியின் இலை நுனி கருகும், நேர் வெயில் ஆகாது. இதையெல்லாம் தெரிந்து கேட்கிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். தெரிந்தவன்தான் நன்றாக ஏமாற்றுவான் போல.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்தது. இலையெல்லாம் அப்பளம். போட்டோ அனுப்பினேன். "பயணக் களைப்பு அக்கா, மண் மட்டத்துக்கு வெட்டிவிட்டு ஈரமா வைங்க, புதுசா சுருள் விடும்" என்றான். இந்த யோசனை உண்மையானது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருந்தால் காய்ந்த பெரணி அப்படித்தான் மறுபடி துளிர்க்கும். அதனால் நம்பி வெட்டினேன். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்துப் பன்னிரண்டு நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். குழந்தைக்குக்கூட இவ்வளவு ஈரம் பார்த்து நான் துணி மாற்றியதில்லை.

அப்புறம் கேட்டால், "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க மேடம்." அக்கா போய் மேடம் வந்தது. பிறகு, "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா மேடம்?" அதன்பின், "புகாருக்கு ஏழு நாள்தான் மேடம்." அந்த ஏழு நாளைத்தானே காத்திருக்கச் சொல்லித் தின்றான்! கடைசியில் சமாதானமாக ஒரு பொட்டலம் வந்தது. மேலே "பெரணி விதை". பெரணிக்கு ஏதய்யா விதை? அது பூப்பதே இல்லை. இலையின் அடியில் பழுப்புப் புள்ளியாக இருக்கும் வித்துத்தூளில்தான் பெருகும். பொட்டலத்தில் இருந்தது கடுகு மாதிரி ஏதோ. இதைக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 3,240 ரூபாய், போயே போச்சு.

அந்த இமயமலைப் பெரணி மட்டும் உயிரோடு இருக்கிறது. ஏன் தெரியுமா? அது பெரணியே இல்லை. அஸ்பாரகஸ் ஃபெர்ன், பூங்கொத்தில் ரோஜாவுக்குப் பின்னால் செருகுவார்களே, அது. பெயரில்தான் ஃபெர்ன். சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. இமயமலை அதைப் பார்த்தே இருக்காது. தெருமுனை நர்சரியில் கேட்டேன், 80 ரூபாய் என்றார்கள். நான் கொடுத்தது 1,800.

பெரணி பராமரிப்பு பற்றி விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது மனசு இல்லை. இவ்வளவு மட்டும்: பெரணியை நேரில் பார்த்து வாங்குங்கள், தொட்டியைச் சாய்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். சுருண்ட இளந்துளிர் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். பார்சலில் வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், "ஒரு வாரம் பாருங்க" என்றால் பார்க்காதீர்கள், அன்றே வேரைத் தோண்டிப் பாருங்கள். விதை என்று யார் விற்றாலும் ஓடிவிடுங்கள்.

1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இன்று காலை புது வீடியோ வந்திருக்கிறதாம், தங்கை அவள் போனில் காட்டினாள். அதே பையன், அதே பாசி, "லிமிட்டெட் ஸ்டாக் அக்கா".