முதல் டயோரமா கட்டடத்துக்கு 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஷீட் எப்படி இருக்கு?

மிலிட்டரி டயோரமால, அதாவது ஒரு போர்க்காட்சிய குட்டி மாடலா செஞ்சு வைக்கறதுல, டேங்க் எவ்ளோ நல்லா பண்ணாலும் பக்கத்துல ஒரு சுவர் நின்னாதான் இது எந்த ஊரு எந்த சண்டைன்னு பாக்குறவங்களுக்குப் புரியும். நான் எடுத்துகிட்டது ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் படையும் சோவியத் படையும் மோதின ஸ்டாலின்கிராட், 1942 கடைசி மாசங்கள், 1/35 ஸ்கேல் (நெஜ அளவுல 35ல ஒரு பங்கு), இடிஞ்ச செங்கல் வீட்டோட ஒரு மூலை மட்டும். அதுக்கு ஆன்லைன்ல வாங்கினது ஏ4 சைஸ்ல வர்ற 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் ஷீட். கட்டி பெயின்ட் அடிச்சு முடிச்ச கையோட எழுதறேன்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, இது வேற தெர்மாகோல் வேற. தெர்மாகோல உடைச்சா உருண்டை உருண்டையா கொட்டும், அதுல செங்கல் கோடு போட்டா அந்த உருண்டையே பேந்துகிட்டு வந்துடும். எக்ஸ்பிஎஸ்ஸும் (எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன்) தெர்மாகோல் மாதிரியே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தான், ஆனா உருக்கி ஒரே பலகையா தள்ளி எடுக்கறாங்க, அதனால உள்ள முழுக்க சீரா இருக்கு, பென்சில் நுனிய வச்சு அழுத்தினா அழுத்தின இடம் மட்டும் பள்ளமாகி அப்படியே நிக்குது. செங்கல் சுவர் பண்ண இந்த ஒரு குணம் போதும்.

ஏன் 10 மி.மீ.னு கேப்பீங்க. ரஷ்யால செங்கல் சைஸ் 250×120×65 மி.மீ., அத 35ஆல வகுத்தா 7.1×3.4×1.9 வரும். அங்க குளிருக்காக வெளிச்சுவர தடிமனா கட்டுவாங்க, ஒன்றரை செங்கல்னா 380 மி.மீ., ரெண்டு செங்கல்னா 510. அந்த 380 நம்ம ஸ்கேல்ல கிட்டத்தட்ட 11, ஷீட் 10, உள்பக்கம் பூசற புட்டி மீதிய சரி பண்ணிடும். 5 மி.மீ. ஷீட்டும் கூடவே வாங்கினேன், அது ரூமுக்கு நடுவுல வர்ற தடுப்புச் சுவருக்கு ஓகே, வெளிச்சுவரா நிக்க வச்சா அட்டை மாதிரி தெரியுது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் கலந்த கோட் அடிச்சா காயறப்போ வளையும், ரெண்டு பக்கமும் அடிக்கணும். மொட்டை மாடிக்கு வெயில் தாங்க போடற இன்சுலேஷன் போர்டும் இதே எக்ஸ்பிஎஸ் தான், 1250×600 மி.மீ. பெரிய பலகையா கிடைக்கும், ஆனா பொதுவா 25 மி.மீ.ல இருந்து தான் வரும், 25னா நம்ம ஸ்கேல்ல 87 செ.மீ. சுவர், அது கோட்டைக்கும் சர்ச்சுக்கும் தான் சரி. பேஸ், மேடு பள்ளம் பண்ண அது அருமை, மேல வழவழன்னு ஒரு தோல் இருக்கும், அத உப்புத்தாள் போட்டு எடுத்துட்டுதான் பசை போடணும்.

இப்ப செங்கல் கோடு. 65 மி.மீ. செங்கலும் நடுவுல 12 மி.மீ. சாந்தும் சேத்தா 77, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு 13 வரிசை, ஸ்கேல்ல ஒரு வரிசைக்கு 2.2 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல வச்சு 0.5 மெக்கானிக்கல் பென்சிலால படுக்கைக் கோடு எல்லாத்தையும் மொதல்ல லேசா ஒரு தரம், அப்புறம் அழுத்தி ஒரு தரம், ஒரே தரத்துல அழுத்தினா ஃபோம் கிழிஞ்சு நார் மாதிரி எழும்பும். அப்புறம் நிக்கிற கோடு, ஒரு வரிசை நீள செங்கல், அடுத்த வரிசை தலைப்பக்கம் தெரியற மாதிரி. அலுமினியம் ஃபாயில கசக்கி உருட்டி சுவர் மேல அழுத்தி உருட்டினா செங்கல் சொரசொரப்பு வந்துடுது, அங்கங்க ஒரு செங்கல பென்சில் பின்பக்கத்தால கொஞ்சம் உள்ள தள்ளி விடுங்க, சுவருக்கு வயசு ஏறிடும்.

உடைஞ்ச ஓரம் தான் இந்த மெட்டீரியலோட உண்மையான பரீட்சை. நிறைய பேர் கையால பிச்சு விட்டுடறாங்க, தூரத்துல இருந்து பாத்தாலே அது ஃபோம்னு தெரியும். செங்கல் சுவர் பெரும்பாலும் சாந்து வழியா தான் விடும், அதனால கோட்ட ஒட்டியே படிப்படியா புது பிளேடால வெட்டி, அந்த 10 மி.மீ. கனத்துலயும் செங்கல் கோடு போடணும். இதுக்கு பாத்து கத்துக்க வோல்கோகிராட்ல (ஸ்டாலின்கிராடோட இப்போதைய பேர்) இருக்கற கெர்கார்ட் மில் போட்டோக்கள தேடிப் பாருங்க, இடிஞ்ச நிலையிலயே நினைவுச்சின்னமா விட்டு வச்சிருக்கற செங்கல் மில், அந்தச் சண்டைல சோவியத் வீரர்கள் விடாம காத்து நின்ன பாவ்லோவ் வீட்டுக்கு எதிர்ல தான் இருக்கு. குண்டு பட்டு செங்கல் எப்படி பேந்திருக்கு, ஜன்னல் ஓரம் எப்படி அரிச்சிருக்குனு அதுல அவ்ளோ தெளிவா தெரியும், எனக்கு எந்த வீடியோவும் அந்த அளவுக்கு சொல்லித் தரல.

ஜன்னல் சட்டம், மரத்தள உத்தரம் இதெல்லாம் ஃபோம்ல ட்ரை பண்ணாதீங்க, ஐஸ் குச்சியும் பால்சா மரமும் தான். கதவு 2 மீட்டர்னா 57 மி.மீ., வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சோல்ஜர் பொம்மைய பக்கத்துல நிக்க வச்சுப் பாத்துடுங்க.

பசை, பெயின்ட் விஷயத்துல இந்த ஃபோம் ரொம்ப கண்டிப்பு. ஸ்ப்ரே கேன், தின்னர், அசிட்டோன், சாதா க்விக் க்ளூ எதுவும் நேரா படக்கூடாது, அரிச்சு குழியாக்கிடும். ஃபெவிகால் போட்டு குண்டூசி குத்தி ராத்திரி பூரா விட்டா கல்லு மாதிரி பிடிக்குது. கருப்பு அக்ரிலிக் பெயின்ட்ல ஃபெவிகால் கலந்து மொதல் கோட், அது ஃபோமுக்கு ஒரு தோலாவும் ஆகுது. அதுக்கு மேல செங்கல் கலர், கடைசியா தண்ணியா கரைச்ச வால் புட்டிய தேய்ச்சு ஈரத்துணியால தொடச்சா கோட்டுக்குள்ள மட்டும் சாந்து நிக்குது, அந்த நிமிஷத்துல சுவர் உயிரோட வந்துடுது, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

குறை இல்லாம இல்ல. முனை எல்லாம் நகம் பட்டாலே அமுங்கும், முதல் கோட் அடிக்கற வரைக்கும் ஜாக்கிரதையா எடுத்து வைக்கணும். மிச்சத் துண்டுல குட்டி குட்டி செங்கல் வெட்டி இடிபாடு போடலாம், ஒரு டப்பால பொடிக்கல்லோட போட்டுக் குலுக்கினா ஓரம் தேஞ்சு நெசமாவே இருக்கு, ஆனா எடையே இல்லாததால ஃபேன் காத்துல பறக்கும், தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு சொட்டுசொட்டா ஊத்தி பிடிக்க வைக்கணும். தேய்க்கறப்போ வர்ற தூசிக்கு மாஸ்க் கட்டாயம், ஹாட் வயர்ல, அதாவது சூடான கம்பியால வெட்டறவங்க ஜன்னலத் திறந்து வச்சுக்கோங்க, புகை நல்லதில்ல. ஒரு மூலை சுவருக்கு ஹாட் வயர் கட்டர் தேவையே இல்ல, கட்டர் பிளேட அடிக்கடி மாத்தினாலே போதும்.

பிளாஸ்டர்ல வார்க்கறது விவரம் நல்லா வரும், ஆனா கனம், கீழ விழுந்தா சுக்குநூறு. லேசர்ல வெட்டின எம்டிஎஃப் (மரநார அழுத்தி செஞ்ச பலகை) கிட் நேரா நிக்கும், ஆனா மேல் பரப்பு தட்டை, இடிஞ்ச வீட்டுக்கு அது ஒட்டாது. புதுசா பண்றவங்களுக்கு வெட்டினது சரியா வரலேன்னா இன்னொரு துண்டு எடுத்து மறுபடி வெட்டலாம்ங்கற தைரியம் ஃபோம்ல மட்டும் தான் இருக்கு, காசும் கம்மி.

வாங்கறப்போ செல்லர்கிட்ட எக்ஸ்பிஎஸ் தானான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, எனக்கு ஒரு செல்லர் வெறும் கவர்ல போட்டு அனுப்பி ரெண்டு ஷீட் மூலை நசுங்கி தான் வந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் அட்டை வச்சு பேக் பண்ணச் சொல்லி ஆர்டர்லயே எழுதிடுங்க.