இரண்டு முள்ளும் ஒரு பூச்சுப் பெயின்றும்

மாங்குளத்து மச்சான் என்னுடையதைப் போலவே ஒரு பழைய உழவு இயந்திரத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். "எடுக்கலாமோ?" என்று நேற்றுக் கேட்டான். வயரிங் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

எஞ்சினைக் குறை சொன்னால் பாவம். ஏழு காலபோகம் உழுதாயிற்று. பரந்தன் பக்கத்துக் களியில் இரும்புச் சில்லோடு இறக்கினாலும் முனகாமல் ஏறி வரும்.

என் கோபமெல்லாம் டாஷ்போர்டில் இருக்கும் இரண்டு முள்ளோடுதான். தாங்கியில் பாதி டீசல் இருக்க, முள் நிறைய என்று காட்டும். கூடவே சூட்டு முள்ளும் சிவப்பில் போய் நிற்கும். வரம்பில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கினால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் இறங்கிவிடும். றேடியேற்றரில் கொதிப்பே இல்லை. கராஜில் சூட்டுச் சென்சரை இரண்டு தடவை மாற்றினார்கள், அப்புறம் தேமோஸ்ரற். காசு போனதுதான் மிச்சம்.

டீசல் தாங்கிச் சென்சரும் எஞ்சின் சென்சரும் பேசி வைத்தா பழுதாகும்? இரண்டு மீற்றருக்கும் பொதுவானது, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தகரப் பெட்டி. பற்றறிக் கரண்டை விட்டு விட்டு வெட்டி, சராசரி 10 வோல்ற்றாக அனுப்புவது அதன் வேலை. அதற்கு எர்த், அதாவது கரண்ட் பற்றறி மைனசுக்குத் திரும்பும் வழி, கிடைப்பது டாஷ்போர்ட் தகட்டோடு இறுக்கிய ஒரே ஆணியால். எர்த் போனால் வெட்டாது, வந்ததை அப்படியே விட்டுவிடும். எஞ்சின் ஓட, பெட்டியிலிருந்து மீற்றருக்குப் போகும் பக்கத்தில் மல்ரிமீற்றரை வைத்தேன். துடிப்பில்லாமல் 13.8 வோல்ற். பெட்டியின் உடம்பிலிருந்து பற்றறி மைனசுக்கு ஒரு வயரைத் தொட்டுப் பிடித்தேன். இரண்டு முள்ளும் நல்ல பிள்ளைகள் மாதிரி மெல்ல இறங்கி உரிய இடத்தில் நின்றன.

ஆணியைக் கழற்றினால் அடியில் பளபளவென்று சிவப்புப் பெயின்ற். போன வருடம் வடிவாக இருக்கட்டும் என்று அடிக்கக் கொடுத்தது நான்தான், சரி. அதற்காக எர்த் பிடிக்கும் இடத்திலுமா பூசுவார்கள்? வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டேன்.

மச்சான், வாங்காதே. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கை நுழைய இடம் வைக்காத மெசின் இது. தோல் உரிந்த விரலோடு வேறென்ன சொல்ல? உழவு முடிந்த பிறகு ஒருக்கால் கேட்டுப் பார்.