வடிகாலைக் காட்டி 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

மூன்று நாள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நேற்று ராத்திரிதான் வடிந்தது. தானாக வடியவில்லை, டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து நாங்களே இறைத்தோம். சேற்று வாடை இன்னும் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார் வக்கீல். தாம்பரத்துக்கு மேற்கே மனை போட்டு விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்களே, அதை நானும் டிவியில் பார்த்தவன்தான். அப்படியும் அந்தப் பக்கம் போய் வாங்கினேன். காரணம், ஒரு கேன் தண்ணீர்.

ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். விலையைக் கேட்பதற்கு முன்பே "மழை வந்தா இங்கே நிக்குமா?" என்றுதான் கேட்டேன். மேனேஜர் பதிலே சொல்லவில்லை. சைட் ஆபீஸிலிருந்து இருபது லிட்டர் கேனைத் தூக்கி வந்து நடு ரோட்டில் கவிழ்த்தார். தண்ணீர் சரசரவென்று ஓரத்துக்கு ஓடி, வடிகால் மூடியில் இருந்த துளைக்குள் இறங்கியது. "பாத்தீங்களா சார்? மழையும் இப்படித்தான் போயிடும்" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

மனை விலை போக, வடிகாலுக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் சேர்த்து மேம்பாட்டுக் கட்டணம் 1,85,000 ரூபாய். ரொக்கமாக. "அக்ரிமெண்ட்ல காட்டினா உங்களுக்குத்தான் சார் செலவு ஏறும்" என்று என் மேல் கரிசனம் வேறு. ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது நனைந்து மை கலைந்துவிட்டது.

நான் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படியான பதிவு எண், எல்லாம் பார்த்தேன். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து, அங்கீகாரம் இருந்தால் போதும் என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. தாழ்வான இடம் என்பதால் மண் கொட்டி உயர்த்த வேண்டும், சுற்றிலும் வடிகால் கட்டிக் கிழக்கே உள்ள ஓடையில் சேர்க்க வேண்டும், ஓடையின் அகலத்தில் கை வைக்கக் கூடாது. எழுதியவரைக் குறை சொல்லவே முடியாது. அத்தனையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

மழை விட்டதும் நாங்கள் நான்கு பேர் கடப்பாரையோடு கிளம்பி, மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டே போனோம். முந்நூறு அடிக்கு அருமையான வடிகால். அதன் முடிவில் காம்பவுண்டுச் சுவர். அவ்வளவுதான். ஓடை சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது அடி தள்ளி இருக்கிறது. நடுவில் வேறொருவர் நிலம், கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் வடிகாலா? நீளமான தொட்டி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் மூன்றரை ஏக்கர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே அதில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் விழுகிறது. வயலாக இருந்தவரை வரப்பு கட்டி நிறுத்தியது, மண் கொஞ்சம் குடித்தது, மிச்சம் மெதுவாக ஓடைக்குப் போனது. இப்போது தாரும் சிமெண்டும். விழுவதெல்லாம் உடனே ஓடி வருகிறது. எனக்குக் காட்டியது இருபது லிட்டர்.

பூங்காவைச் சொல்ல மறந்தேன். பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக உள்ள நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்திருக்கிறார்கள், இருப்பதிலேயே பள்ளமான மூலையை. சறுக்குமரம் பாதி தண்ணீரில் நிற்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். எங்கள் தெருவில் அதற்காக வைத்த மூடியைத் தூக்கினால் கீழே ஒரு அடி மணல், அதற்குக் கீழே பழைய களிமண். சிமெண்ட் உறை இறக்கவே இல்லை. மூடிக்கு மட்டும் 1,85,000 ரூபாய்!

சரி, கேட்கப் போனேன். மேனேஜர் முதல் நாள் போனை எடுத்தார். "ரோடு, பார்க் எல்லாம் தானப்பத்திரம் எழுதிக் குடுத்தாச்சு சார், இனிமே அவங்க பொறுப்பு." அடுத்த நாளிலிருந்து எடுக்கவில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில், "ரோடுதான் எங்ககிட்ட வந்துச்சு, வடிகாலை இன்னும் ஒப்படைக்கல" என்றார்கள். அந்த வடிகால் ரோட்டில்தானே ஐயா இருக்கிறது? தானப்பத்திரம் வாங்கும் அன்று ஒருவராவது ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? ஓடையைப் பற்றி இன்னொரு அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கே "சர்வே பண்ணணும், மனு குடுத்துட்டுப் போங்க". கொடுத்தேன். வாங்கியவர் அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார்.

ரெரா சட்டத்தின் 14ஆவது பிரிவு கைகொடுக்கும் என்று வக்கீல் சொல்கிறார். மனை கைக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் குறையைச் சொன்னால், முப்பது நாளில் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டுமாம். எனக்கு இரண்டரை வருடம்தான் ஆகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வடிகால் என்ற வார்த்தையே இல்லையே. 1,85,000 ரூபாய் அதில் எங்கேயும் இல்லையே. அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும் என்றார். அதற்கு அவர் ஃபீஸ் தனி.

மனை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சர்வேக்காரர்கள் நிலத்தை அளந்து வரைந்த புலப்பட நகலில் ஓடையோ வாய்க்காலோ வரைந்திருக்கிறதா பாருங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. வடிகால் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்காதீர்கள், எங்கே போய் விழுகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ஏப்ரலில் போகாதீர்கள், ஐப்பசியில் போங்கள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது. வாடகை மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய பையனை இப்போதுதான் கூப்பிட்டு நிறுத்தினேன்.