வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி: கல்லூரியா, கரஸா, மாலை நேர பி.இ.யா?

என் தங்கை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். பிளஸ் டூ முடித்து ஒன்பது வருஷம் கழித்து ஒரு நாள், "அண்ணா, நான் பி.ஏ. படிக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்காக அலைந்து விசாரித்ததைத்தான் எழுதுகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் வேலூர் ஆஸ்பத்திரிகளிலும் இதே கேள்வியோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

முதலில் அரசு கலைக் கல்லூரி. கல்விக் கட்டணம் கிடையாது. எதிரே ஆசிரியர் இருக்கிறார், நூலகம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. பல கல்லூரிகளில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட் உண்டு. காலையில் மட்டும் கடைக்குப் போகிறவர் மதிய ஷிப்டில் சேர்ந்து தாராளமாகப் படிக்கலாம். வயதும் நேரமும் ஒத்துவந்தால் நான் யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று டூட்டி மாறுகிறவர் என்ன செய்வார்? இளநிலையில் சேர வயது வரம்பும் இருக்கிறது. என் தங்கைக்கு அந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

அடுத்தது கரஸ், அதாவது தொலைநிலைக் கல்வி. மேல் வயது வரம்பு இல்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022-லேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம். குழந்தை பிறந்தாலோ வேலை மாறினாலோ படிப்பு அறுந்துபோகாது. வீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 30 சதவீத மதிப்பெண் என்பதால் எழுதப் பயப்படுகிறவருக்கும் கொஞ்சம் தெம்பு. ஆனால் தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் தோது. தங்கை அங்கேதான் சேர்ந்தாள். பாடப் புத்தகம் சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் போகும். ஓரமெல்லாம் ரசக்கறை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த நாளில் நாலு பக்கம், நின்றுகொண்டு வந்த நாளில் ஒன்றுமில்லை. வகுப்புத் தோழி என்று யாரும் கிடையாது, சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வரை மனசிலேயே வைத்திருக்க வேண்டும். கரஸ் சுலபம் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு எச்சரிக்கை. பஸ் ஸ்டாண்ட் அருகே மாடியில் இருந்த ஒரு 'அட்மிஷன் சென்டரில்' முதலில் 4,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். ரசீதும் இல்லை, பதிவு எண்ணும் வரவில்லை. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். 2024-லிருந்து சேருகிறவர் அதே இணையதளத்தில் டெப் ஐ.டி. (DEB ID) என்ற மாணவர் அடையாள எண்ணை எடுத்தாக வேண்டும். அதையும் நீங்களே எடுங்கள், ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாதவர் முதலில் தனித்தேர்வராக அதை எழுதிவிட்டு வருவதே நல்லது. பிளஸ் டூ இல்லாமல் குறுக்கு வழியில் வாங்கிய பட்டத்தைச் சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிட்டால் மூன்று வருஷ உழைப்பு வீண்.

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவருக்கு மூன்றாவது வழி, மாலை நேர பி.இ. வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் விசாரியுங்கள். வேலை அனுபவம் கேட்பார்கள். பாகாயத்துக்கு மாலையில் வந்து சேர முடிகிற தூரத்தில் வேலை இருந்தால் மட்டும் யோசியுங்கள். கரஸில் பி.இ. என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

தங்கை இப்போது இரண்டாம் வருஷம். போன தடவை பரீட்சை நேரத்தில் ஓ.டி. (ஓவர்டைம்) போட்டுவிட்டார்கள், ஒரு பேப்பர் எழுத முடியாமல் போனது. இந்தத் தடவை ஹால் டிக்கெட் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, லீவ் லெட்டரோடு சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.