வேர்டின் ஓட்டோகரெக்ட்: கடலைக் குடலாக்கும் உதவி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எங்கே போனாலும், டைப் அடித்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடையில் மைக்ரோசொப்ட் வேர்ட் இல்லாமல் இருப்பது அருமை. அதற்குள் இருக்கும், அடிக்கும்போதே எழுத்தைத் தானாகத் திருத்தும் ஓட்டோகரெக்ட் வசதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தொழில்நுட்பச் சொற்களில் எது கெப்பிட்டல் (பெரிய எழுத்து), எது சிம்பிள் (சிறிய எழுத்து), எங்கே கோடு வரும் என்ற வேலைக்கு அது தோதுப்படுமா? தனி ஆங்கிலக் கடிதத்துக்குத் தாராளமாகப் படும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கும் தமிழுக்கு அது பகை. இரண்டும் கலந்த ஆவணத்தில் அமைப்பை மாற்றாமல் தொடவே கூடாது.

பாமினியில் அடிக்கும்போது திரையில் தமிழ் தெரிந்தாலும் வேர்டின் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துத்தான். எஃப் விசை சிம்பிளில் 'க', ஷிஃப்ட் சேர்ந்தால் 'கு'. கே விசை 'ம', ஷிஃப்ட்டில் 'மு'. எம் விசை 'அ', ஷிஃப்ட்டில் 'ஆ'. இப்போது வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கெப்பிட்டல் ஆக்கும் வசதி ஓனில் இருந்தால், 'கடல் உணவு' என்று தொடங்கும் மெனு வரி 'குடல் உணவு' ஆகிவிடும். கடை குடையாகும், மடம் முடமாகும், அம்மா 'ஆம்மா' ஆவார். சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் கெப்பிட்டலாக இருந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் வசதி இன்னொன்று. 'குடும்பம்' என்பதில் கு, டு இரண்டுமே ஷிஃப்ட் எழுத்துகள் என்பதால் அது 'குடம்பம்' ஆகிவிடக்கூடும். பாமினிப் பக்கம் முழுவதும் எழுத்துப்பிழைச் சிவப்புக் கோடு ஓடுவதால் பலர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். தானாக மாறிய எழுத்து அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறது. பெனர் அடித்து வெளியே கட்டிய பிறகுதான் தெருவில் போகிறவர் கண்ணில் படும்.

நிறுத்துவது சுலபம். பைல், ஒப்ஷன்ஸ், புறூபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால் மேலே வரிசையாகச் சரிக்குறிப் பெட்டிகள் இருக்கும். இரண்டு கெப்பிட்டலைத் திருத்துவது, வாக்கியத் தொடக்கம், அட்டவணைக் கட்டத்தின் தொடக்கம் ஆகிய மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு எழுத்து மாறிவிட்டால், மாறிய கையோடு கொன்ட்ரோல் இசட் அழுத்தினால் அந்தத் திருத்தம் மட்டும் பின்வாங்கும். ஷிஃப்ட் எஃப்3 விசையை பாமினி வரியில் தவறியும் அழுத்த வேண்டாம். தெரிவுசெய்த பகுதி முழுவதும் கெப்பிட்டலும் சிம்பிளுமாக மாறி, வாசிக்க முடியாத குப்பையாகும்.

அட்டவணைப் பெட்டியைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் பாசிக்குடா, அறுகம்பே விருந்தினர் விடுதிகள். அறையில் வைக்கும் வை-பை அட்டையை அட்டவணையாகப் போட்டு, ஒரு கட்டத்தில் கடவுச்சொல்லை மட்டும் அடிப்பார்கள். முதல் எழுத்து தானாகக் கெப்பிட்டலாகும். கடவுச்சொல்லில் கெப்பிட்டலும் சிம்பிளும் வேறு வேறு என்பதால் அந்த அட்டையைப் பார்த்து யாரும் இணைய முடியாது. இணைய முகவரியில் தளப் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் திறக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பகுதியில் கெப்பிட்டல், சிம்பிள் மாறினால் சில சேர்வர்களில் திறக்காது. அதனால் முகவரியை அலங்காரத்துக்காக முழுக் கெப்பிட்டலில் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

ஆங்கிலப் பக்கத்தில் ஓட்டோகரெக்ட் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை இடும் அதன் பட்டியலில் 'வைபை' என்பதைச் சிம்பிளில் ஒரு தடவை பதிந்து, டபிள்யூவும் எஃபும் கெப்பிட்டல், நடுவில் கோடு என்ற சரியான வடிவத்தை எதிரே கொடுத்தால் போதும். அது வணிகச் சின்னம், அந்த வடிவம்தான் முறை. புளூடூத்துக்கும் முதல் எழுத்து கெப்பிட்டல். பட்டியல் எக்செல், பவர்பொயின்ட் ஆகியவற்றுக்கும் பொது. ஆனால் மொழிக்கு மொழி தனிப் பட்டியல் என்பதால் பிரித்தானிய ஆங்கிலத்தில் பதிந்தது அமெரிக்க ஆங்கிலத்தில் வராது. சேர்த்தும் வராத பதிவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கோப்புப் பெயருக்குள் அந்தச் சொல் கோட்டுக்குப் பிறகு வந்தால் அதையும் மாற்றிவிடும், கவனம்.

இமெயில், இன்டர்நெட் போன்றவற்றில் வேர்ட் உங்களுக்காக முடிவெடுக்காது. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு 2010இல் வெப்சைட்டை ஒரே சிம்பிள் சொல்லாக்கியது, 2011இல் இமெயிலின் கோட்டை எடுத்தது, 2016இல் இன்டர்நெட்டின் கெப்பிட்டலை இறக்கியது. இன்று கடிதத்தலைப்பில் மூன்றையும் சிம்பிளில், கோடில்லாமல் போடுவதே எங்கள் பரிந்துரை. பழைய வடிவம் பிழையல்ல. ஒரே அட்டையில் மேலே ஒன்று, கீழே இன்னொன்று என்று வருவதுதான் அசிங்கம். இணைய வேகம் குறிக்கும் இடத்தில் மட்டும் தளர்வே இல்லை: சிம்பிள் பி என்றால் பிட், கெப்பிட்டல் பி என்றால் பைட், 8 பிட் சேர்ந்து 1 பைட். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு உச்சமாக 12.5 மெகாபைட்தான் இறங்கும். விளம்பரத்தில் முழுவதையும் கெப்பிட்டலாக்கினால் எட்டு மடங்கு பொய் சொன்னதாகும்.

கோட்டுக்கு வேர்டில் நல்ல வசதி உண்டு, தெரிந்தவர் குறைவு. 065-இல் தொடங்கும் தொலைபேசி எண் வரி முடிவில் உடைந்து, குறியீடு மேலேயும் மிச்சம் கீழேயும் போகாமலிருக்க, கொன்ட்ரோல் ஷிஃப்ட்டோடு கோட்டு விசையை அழுத்த வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தோடு 'இல்', 'ஐ' ஒட்டும் இடத்துக்கும் அதே கோடு. இணைய முகவரிக்குள் மட்டும் அதைப் போடாதீர்கள். கொப்பி பண்ணினால் முகவரி வேலை செய்யாது. தமிழ்ச் சொல்லுக்குள் கோடு பெரும்பாலும் வேண்டியதில்லை. மின்னஞ்சல் என்று புணர்ந்து நிற்பதை மின்-அஞ்சல் என்று பிளக்க ஒரு காரணமும் இல்லை. 'இ-சேவை' போன்றவற்றில் கோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் 'இச்சேவை'க்குப் பிழை விழுந்ததுபோலத் தெரியும்.

பாமினிக் கோப்பை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட்டுக்கு மாற்றும்போது வேர்ட் உதவாது. முழுப் பக்கத்தையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் நடுவில் நின்ற ஆங்கிலச் சொல்லும் தமிழாகும். கோடில்லாத சிம்பிள் இமெயில் 'நஅயடை' என்றும், கெப்பிட்டலும் கோடும் உள்ளது 'நு-அயடை' என்றும் வரும். ஆங்கிலத் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு மாற்றி, பிறகு திரும்பச் செருகுங்கள். புதிதாக அடிப்பதானால் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் நேராக யுனிகோட்டில் அடிக்கலாம். பாமினிப் பழக்கம் உள்ள கைக்கு விசை இடங்கள் பெரும்பாலும் ஒத்துவரும். யுனிகோட் தமிழில் கெப்பிட்டல் என்பதே இல்லாததால் மேலே சொன்ன குடல் தொல்லை அங்கே எழாது, மூன்று பெட்டிகளில் முதலிரண்டையும் திரும்ப ஓன் பண்ணிக்கொள்ளலாம். அட்டவணைப் பெட்டி மட்டும் மூடியே இருக்கட்டும்.

காசு கொடுக்க விருப்பமில்லாதவருக்கு லிப்ரே ஒபிஸ் ரைட்டர் இருக்கிறது. அதிலும் இதே கெப்பிட்டல் திருத்தங்கள் டூல்ஸ் மெனுவின் ஓட்டோகரெக்ட் பகுதியில் உண்டு. பாமினியோடு வைத்தால் அதுவும் வேர்டைப் போலவே குழப்பும், முதலில் அங்கேயும் நிறுத்திவிட்டே அடிக்கத் தொடங்குங்கள்.